இருப்பவர் கணக்கு: ஜெர்மானியக் கட்டடங்கள் சொல்லும் பாடம்

ஜெர்மனி என்றவுடன் நம்மவர்க்கு நினைவுக்கு வருவன கார்களும் இயந்திரங்களும் மருந்துகளும்தாம். கட்டடக்கலை என்றால் இத்தாலி, பிரான்சு என்றுதான் வாய் போகும். ஆயினும் இன்று பெங்களூரிலோ மும்பையிலோ புதிதாகக் கட்டிய ஃபிளாட் ஒன்றினுள் நுழைந்து பாருங்கள். 'மாடுலர் கிச்சன்' என்று பெருமையோடு காட்டுகிறார்களே, அதன் மூலம் ஜெர்மனி. அலங்காரம் ஏதுமின்றி நேர்கோடும் வெண்சுவருமாக நிற்கும் அடுக்குமாடிக்கும் அங்கே ஒரு வேர் உண்டு. கண்ணாடி போர்த்திய கோபுரத்தையும் மீஸ் வான் டெர் ரோ என்ற ஜெர்மானியர் 1921-லேயே பெர்லின் நகருக்காக வரைந்து காட்டிவிட்டார். அது கட்டப்படவில்லை என்பது வேறு விஷயம்.

உருவம் நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது. அந்த உருவத்துக்குக் காரணமான சிந்தனையும் கூடவே வந்ததா என்பதுதான் கேள்வி.

நான் கட்டடக்கலை படித்து முப்பத்தைந்து ஆண்டுகள் அத்தொழிலில் இருந்தவன். மகள் ஸ்டுட்கார்ட் நகரில் வேலை பார்ப்பதால் இரண்டு முறை அங்கு சென்று சில மாதங்கள் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. நம் சங்கத்து அன்பர்கள் வீடு வாங்கும் முன் பிளானைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுவது வழக்கம். எத்தனை சதுர அடி, வாசல் எந்தத் திசை, விலை படியுமா என்ற மூன்று கேள்விகள் தவறாமல் வரும். நாள் முழுவதும் அந்த வீட்டுக்குள் இருக்கப்போகிறவர் யார், அவர் எந்த இடத்தில் இருப்பார், அவருக்கு வெளிச்சமும் காற்றும் எங்கிருந்து வரும் என்ற கேள்வி அரிதாகவே வரும். இதை நான் 'இருப்பவர் கணக்கு' என்று சொல்வேன். ஜெர்மனியின் நல்ல கட்டடங்களில் நான் கண்டது இந்தக் கணக்கைத்தான். வீடு, அலுவலகம், பொதுக் கட்டடம் என்று வரிசையாக அதைக் காண்போம். அதற்கு முன் கொஞ்சம் வரலாறு.

மனிதனை அளந்தவர்கள்

முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1919-ல், வைமார் நகரில் வால்டர் க்ரோபியஸ் என்பவர் 'பௌஹவுஸ்' என்ற கலைப்பள்ளியைத் தொடங்கினார். தச்சரும் நெசவாளரும் ஓவியரும் கட்டடக் கலைஞரும் ஒரே கூரையின்கீழ் பயில வேண்டும் என்பது அவர் எண்ணம். 1925-ல் டெஸ்ஸௌ நகருக்கும் 1932-ல் பெர்லினுக்கும் இடம்பெயர்ந்த அப்பள்ளி, நாஜிகளின் நெருக்கடியால் 1933-ல் மூடப்பட்டது. பதினான்கே ஆண்டுகள்தான் வாழ்ந்தது. ஆனால் நாற்காலி, விளக்கு, கதவுக் கைப்பிடி முதல் முழுக் கட்டடம் வரை அதன் சுவடு இன்றும் உலகெங்கும் தெரிகிறது. நம் நாட்டுக்கும் அதற்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அப்பள்ளிக் கலைஞர்களின் படைப்புகள் 1922 டிசம்பரிலேயே கல்கத்தாவில் கண்காட்சியாக வைக்கப்பட்டன.

அதே காலத்தில் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் கடும் வீட்டுப் பஞ்சம். எர்ன்ஸ்ட் மே என்பவர் தலைமையில் நகராட்சி ஆயிரக்கணக்கான சிறு வீடுகளைக் கட்டியது. அவ்வீடுகளுக்குச் சமையலறை வடிவமைக்கும் பொறுப்பை மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கலைஞர் ஏற்றார். 1926-ல் அவர் உருவாக்கிய அறையின் அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப்பெட்டிச் சமையலறையை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எத்தனை முறை குனிகிறார் என்று கணக்கிட்டார். ஜன்னலை ஒட்டி வேலைப் பலகை, அதன் முன்னே உட்கார்ந்து காய் நறுக்கச் சுழலும் முக்காலி, சுவரோடு மடியும் இஸ்திரிப் பலகை, அரிசி, சர்க்கரை, பருப்பு போன்றவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள். சுமார் 10,000 வீடுகளில் இந்தச் சமையலறை பொருத்தப்பட்டது. நாம் இன்று காணும் மாடுலர் கிச்சனுக்கு இதுவே மூதாதை.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அந்த அறை, பெண்ணைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தனியே அடைத்துவிட்டது என்று பிற்காலத்தில் பெண்ணுரிமையாளர்கள் குறை கூறினார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள் இருவருமே பேசியது சமைப்பவரைப் பற்றித்தான். இன்று நம் கடைகளில் பேச்செல்லாம் பலகையின் நிறத்தையும் இழுப்பறையின் கீலையும் பற்றியே நடக்கிறது.

மூன்றாவது பெயர் எர்ன்ஸ்ட் நொய்ஃபெர்ட். பௌஹவுசில் பயின்று, க்ரோபியசின் உதவியாளராக இருந்தவர். 1936-ல் அவர் வெளியிட்ட அளவுக் கையேடு உலகின் பல மொழிகளில் வந்திருக்கிறது. கல்லூரி நாட்களில் நாங்கள் அதை 'நொய்ஃபெர்ட்' என்றே அழைப்போம். நின்றால், உட்கார்ந்தால், கை நீட்டினால், பெட்டி தூக்கி நடந்தால் ஒரு மனிதனுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதிலிருந்துதான் அந்நூலின் கணக்கு தொடங்குகிறது. மனிதனை அளந்த பிறகே மேஜை. மேஜைக்குப் பிறகே அறை. அறைக்குப் பிறகே கட்டடம்.

வீடு: பிளாஸ்க் கணக்கு

காபியைச் சூடாக வைத்திருக்க இரண்டு வழிகள் உள்ளன. அடுப்பின் மேலேயே பாத்திரத்தை வைத்திருப்பது ஒன்று. பிளாஸ்கில் ஊற்றி மூடி வைப்பது மற்றொன்று. குளிர் நாட்டு வீடுகள் நெடுங்காலம் முதல் வழியில்தான் நடந்தன. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து விலை ஏறியதும் ஜெர்மனி விழித்துக்கொண்டது. 1977-ல் கட்டடங்களின் வெப்பக்காப்புக்கு முதல் அரசு ஆணை பிறந்தது. பிறகு படிப்படியாக விதிகள் இறுகின. 2020 முதல் கட்டட எரிசக்திச் சட்டம் என ஒரே சட்டமாக அவை தொகுக்கப்பட்டுள்ளன.

பிளாஸ்க் கணக்கை முழுமையாக நடத்திக் காட்டியவர் வோல்ஃப்காங் ஃபைஸ்ட் என்ற இயற்பியல் அறிஞர். சுவீடன் நாட்டுப் பேராசிரியர் போ ஆடம்சனுடன் சேர்ந்து 1988-ல் சிந்தித்த திட்டத்தை, டார்ம்ஸ்டாட் நகரின் கிரானிக்ஷ்டைன் பகுதியில் நான்கு வீடுகள் கொண்ட ஒரு வரிசையாகக் கட்டி முடித்தார். 1991-ல் குடும்பங்கள் குடியேறின. அவற்றில் ஒன்று அவருடைய குடும்பமே. இவ்வகை வீட்டுக்கு ஜெர்மன் மொழியில் 'பாஸிவ்ஹவுஸ்' என்று பெயர்.

அதன் இலக்கணம் எளியது. ஒரு சதுர மீட்டர் தரைக்கு ஓர் ஆண்டு முழுவதும் 15 கிலோவாட் மணிக்கு மேல் வெப்பம் தேவைப்படக் கூடாது. வெப்பக்காப்பு இல்லாத பழைய வீடுகளுக்கு இதைப்போல் பத்து மடங்குக்கு மேலும் செலவாகும். இதை எப்படிச் சாதிக்கிறார்கள்? முதலாவது, சுவர், கூரை, தரை எல்லாவற்றையும் கனமான வெப்பக்காப்பால் போர்த்துகிறார்கள். இரண்டாவது, ஜன்னல்களுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி. மூன்றாவது, வெப்பம் நழுவி ஓடும் வழிகளை அடைக்கிறார்கள். உள்தளத்தின் கான்கிரீட்டையே வெளியே நீட்டிப் பால்கனி ஆக்கினால், அதன் வழியே வெப்பம் வெளியேறும். எனவே பால்கனியைத் தனிக் கால்களில் நிறுத்துவார்கள். அல்லது இடையில் காப்புத் துண்டு வைப்பார்கள். நான்காவது, காற்றுக் கசிவே இல்லாமல் வீட்டை அடைக்கிறார்கள். அப்படியானால் மூச்சு முட்டாதா? அதற்காகத்தான் ஐந்தாவது ஏற்பாடு. வெளியேறும் பழைய காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் புதிய காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் ஒரு கருவி இடைவிடாமல் இயங்குகிறது. இரு காற்றும் கலப்பதில்லை. வெப்பம் மட்டும் கைமாறுகிறது. 25 ஆண்டுகள் கழித்து அவ்வீடுகளை ஆராய்ந்தபோதும் அவை சொன்னபடியே நடந்துகொண்டிருந்தன.

தென்மேற்கில் உள்ள ஃபிரைபுர்க் நகரில் 1992-ல் பிரெஞ்சுப் படை காலி செய்த பாசறை நிலத்தில் 'வோபான்' என்ற குடியிருப்பு எழுந்தது. சில குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து, தாங்களே கட்டடக் கலைஞரை அமர்த்தி, தங்கள் அடுக்குமாடியைத் தாங்களே கட்டிக்கொள்ளும் முறை அங்கே பரவலாகக் கைக்கொள்ளப்பட்டது. இடையில் பில்டர் இல்லை. யார் எந்த மாடியில் இருக்கப் போகிறார், முதியவர் யார், குழந்தை யாருக்கு என்பது வரைபடம் போடும்போதே தெரியும். இருப்பவர் கணக்குக்கு இதைவிட நேரான வழி இருக்க முடியாது. அதே பகுதியில் ரோல்ஃப் டிஷ் என்ற கலைஞர், தான் செலவழிப்பதைவிட அதிக மின்சாரத்தைச் சூரிய ஒளியிலிருந்து ஈட்டும் வீடுகளையும் கட்டினார்.

சாதாரண வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மானியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாடகை வீடுகளில் வாழ்பவர்கள். வாடகைக்கு விடும் வீட்டில் பல சமயம் சமையலறை வெறும் சுவரும் குழாயுமாகவே இருக்கும். அலமாரி, அடுப்பு, தொட்டி எல்லாம் குடியேறுபவர் வாங்கிப் பொருத்தி, போகும்போது கழற்றிக்கொண்டு போவார். துண்டு துண்டாகப் பிரிந்து சேரும் சமையலறைச் சாமான்கள் அங்கு ஏன் செழித்தன என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மகளின் வீட்டு ஜன்னலும் என்னைக் கவர்ந்தது. ஒரே கைப்பிடிதான். கீழ்நோக்கி இருந்தால் மூடியிருக்கும். பக்கவாட்டில் திருப்பினால் கதவைப்போல் உள்நோக்கித் திறக்கும். மேல்நோக்கித் திருப்பினால் மேல்பக்கம் மட்டும் உள்ளே சாய்ந்து, மழை உள்ளே வராமல் காற்று மட்டும் வரும். கண்ணாடிக்கு வெளிப்புறம் சுருட்டி இறக்கும் ஷட்டர். வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே தடுக்கப்படுகிறது. குளிர்காலத்திலும் தினமும் சில நிமிடங்கள் எல்லா ஜன்னல்களையும் அகலத் திறந்து காற்று மாற்றுவதை, நாம் வாசல் தெளிப்பதைப்போல ஒரு கடமையாகவே செய்கிறார்கள்.

அலுவலகம்: ஜன்னலுக்கு எத்தனை அடி?

இன்று நம் பிள்ளைகள் பெரும்பாலோர் வேலை செய்வது தடுப்பில்லாத பெரிய கூடங்களில். அதிலும் ஜெர்மனிக்கு ஒரு பங்கு உண்டு. 1950களின் இறுதியில் ஷ்னெல்லே சகோதரர்கள் தொடங்கிய ஆலோசனைக் குழு, அறைச் சுவர்களை எடுத்துவிட்டு, செடிகளும் தாழ்ந்த திரைகளுமாக மேஜைகளை இங்குமங்கும் பரப்பும் முறையைக் கொண்டுவந்தது. 'அலுவலக நிலக்காட்சி' என்று அதற்குப் பெயர். அதிகாரி, எழுத்தர் என்ற வேறுபாடின்றிக் கடிதமும் பேச்சும் தடையில்லாமல் ஓட வேண்டும் என்பது நோக்கம்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் கூடத்தின் நடுவில் இருந்தவர்களுக்கு வானமே தெரியவில்லை, சத்தமும் தாங்கவில்லை. அங்குதான் ஜெர்மனி வேறு வழியில் திரும்பியது. 1972-ன் தொழிலகச் சட்டம், வேலையிடத்தைத் திட்டமிடும்போதே ஊழியர் மன்றத்துக்குத் தகவல் தந்து கலந்து பேச வேண்டும் என்று விதித்தது. கூடத்தில் உட்கார வேண்டியவர்களே பேசத் தொடங்கியதும் கட்டடத்தின் உருவம் மாறியது. ஆழமான கூடங்கள் குறைந்தன. யாரும் ஜன்னலிலிருந்து வெகுதூரம் போகாதபடி ஒடுக்கமான நீண்ட கட்டடங்கள் எழுந்தன. நிரந்தர வேலையிடங்களிலிருந்து வெளியே பார்வை போக வேண்டும் என்பதை 2016-ல் திருத்தப்பட்ட வேலையிட விதிகளும் வலியுறுத்துகின்றன.

உயரமான கோபுரத்தில் இது இயலுமா? இயலும் என்று காட்டியது ஃபிராங்க்ஃபர்ட்டின் காமர்ஸ்பேங்க் கோபுரம். பிரிட்டிஷ் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைக்க, 1997-ல் முடிந்தது. உயரம் 259 மீட்டர். முக்கோண வடிவம், நடுவில் மேலிருந்து கீழ்வரை வெற்றிடம், ஏறக்குறைய நம் முற்றத்தைப்போல. மூன்று பக்கங்களிலும் மாறி மாறி, நான்கு மாடி உயரமுள்ள ஒன்பது தோட்டங்கள் சுழன்று ஏறுகின்றன. ஆகவே உட்புறம் நோக்கிய அறையில் இருப்பவருக்கும் ஒரு தோட்டமும் அதன் வழியே வானமும் தெரியும். அத்தனை உயரத்திலும் ஜன்னலைத் திறக்க முடியும் என்பது அதன் சிறப்பு.

தொழிற்சாலைக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. லைப்சிக் நகரில் பி.எம்.டபிள்யூ ஆலையின் மையக் கட்டடம் 2005-ல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஈராக்கில் பிறந்த ஸாஹா ஹதீத். பாதி முடிந்த கார்கள் அலுவலக மேஜைகளுக்கு மேலே உயரத்தில் அமைந்த பாதையில் ஓசையின்றி நகர்ந்துகொண்டிருக்கும். பட்டறைத் தொழிலாளியும் அதிகாரியும் அந்த ஒரே கட்டடத்தின் வழியாகத்தான் கடந்து செல்கிறார்கள். தாம் எதற்காகக் கணக்கு எழுதுகிறோம் என்பதை எழுத்தர் தலை நிமிர்ந்தாலே காணலாம்.

பொதுக் கட்டடம்: யார் மேலே, யார் கீழே?

நாஜி ஆட்சி கட்டடங்களைக் கொண்டு மக்களை மிரட்டியது. பருத்த தூண், கனத்த கல், நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். 1936 ஒலிம்பிக் போட்டிக்காகப் பெர்லினில் எழுந்த கல் அரங்கம் அதற்குச் சாட்சி. போருக்குப் பின் வந்த தலைமுறை அதற்கு நேர்மாறான வழியைத் தேடியது. 1972-ல் மியூனிக் நகரில் ஒலிம்பிக் நடந்தபோது, குந்தர் பெனிஷ் குழுவினரும் ஃப்ரை ஓட்டோவும் எஃகுக் கம்பிவலையின் மேல் ஒளி ஊடுருவும் தகடுகளைப் பரப்பி, கூடாரம்போல் ஒரு கூரையை மிதக்க விட்டனர். பக்கத்திலுள்ள பசுமையான குன்று போரில் இடிந்த வீடுகளின் கற்குவியல். ஃப்ரை ஓட்டோவுக்கு 2015-ல் கட்டடக்கலையின் உயரிய பரிசான பிரிட்ஸ்கர் விருது அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. முந்தைய நாள்தான் காலமாகியிருந்தார்.

அதே பெனிஷ் 1992-ல் பான் நகரில் நாடாளுமன்றத்துக்குக் கண்ணாடிச் சுவர் கொண்ட கூடம் அமைத்தார். தலைநகர் பெர்லினுக்கு மாறியதும் பழைய ரைஷ்டாக் கட்டடம் புதுப்பிக்கப்பட்டது. 1894-ல் பால் வாலோட் கட்டியது அது. 1933-ல் தீக்கு இரையாகி, போரில் குண்டடி பட்டு, நெடுங்காலம் நலிந்து கிடந்தது. நார்மன் ஃபாஸ்டர் அதன்மேல் 40 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குவிமாடத்தை ஏற்றினார். 1999 ஏப்ரலில் நாடாளுமன்றம் அங்கே கூடியது. குவிமாடத்தின் உள்ளே 360 கண்ணாடிகள் பதித்த கூம்பு ஒன்று வானத்து வெளிச்சத்தை அவையினுள் இறக்குகிறது. அவையின் சூடான காற்று அதே கூம்பின் வழியே மேலேறி வெளியேறுகிறது. சுற்றிலும் வளைந்து ஏறும் பாதையில் பொதுமக்கள் நடக்கிறார்கள். முன்பதிவு செய்தால் எவரும் கட்டணமின்றிப் போகலாம். உறுப்பினர்கள் கீழே, மக்கள் மேலே! 1945-ல் சோவியத் வீரர்கள் சுவரில் கிறுக்கிய எழுத்துக்களையும் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். தோற்ற நாடு தன் தோல்வியின் தடயத்தைத் தன் நாடாளுமன்றத்திலேயே வைத்துக்கொண்டிருப்பதை நின்று பார்த்தேன்.

ஸ்டுட்கார்ட்டில் நான் அதிக நேரம் கழித்த இடம் நகர நூலகம். கொரியாவில் பிறந்த யி உன் யங் வடிவமைத்து 2011-ல் திறக்கப்பட்டது. வெளியே சாம்பல் நிறக் கனசதுரம். உள்ளே முழு வெண்மை. நடுவே வேலை எதுவும் இல்லாத ஓர் அமைதிக் கூடம். அதற்கு மேல் ஐந்து அடுக்குகள் கொண்ட படிப்பகம். சுற்றிலும் படிகளும் புத்தக வரிசைகளும். அங்கே நிறத்தைத் தருபவை புத்தகங்களும் வந்து படிப்பவர்களும்தான். வெளிச்சுவரின் நான்கு பக்கங்களிலும் நூலகம் என்ற சொல் ஜெர்மன், ஆங்கிலம், அரபு, கொரிய மொழிகளில் பதிந்திருக்கிறது. பிழைக்க வந்தவர்களின் மொழியும் ஊர்ப் பொதுச்சுவரில் இடம்பெற்றிருப்பதைப் பார்க்கும்போது, வேற்றூரில் வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்படும் உணர்வைச் சொல்லத் தேவையில்லை.

இடிக்காமல் காத்தல்

ஜெர்மானியர்களிடம் நான் வியந்த மற்றொன்று, பழையதைப் பயனுக்குக் கொண்டுவரும் பொறுமை. பெர்லினின் நோயஸ் அருங்காட்சியகம் போரில் சிதைந்து பல பத்தாண்டுகள் பாழாய்க் கிடந்தது. டேவிட் சிப்பர்ஃபீல்ட் அதைச் சீரமைத்து 2009-ல் திறந்தபோது, சிதைவுகளைப் பூசி மறைக்கவில்லை. பழைய சுவர் பழையதாகவும் புதிய செங்கல் புதியதாகவும் தெரிகின்றன. எஸ்ஸன் நகரின் ஸோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986-ல் மூடப்பட்டது. அதன் இரும்புக் கூடங்கள் இன்று அருங்காட்சியகமாகவும் கலைக்கூடமாகவும் இயங்குகின்றன. 2001-ல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது.

கிழக்கு ஜெர்மனியில் பொதுவுடைமை ஆட்சிக்காலத்தில் கான்கிரீட் பலகைகளை ஒட்டவைத்து எழுப்பிய அடுக்குமாடிகள் ஏராளம். நாடு 1990-ல் இணைந்தபின் மக்கள் மேற்கே போக, பல காலியாயின. லைனஃபெல்டே என்ற சிற்றூரில் ஸ்டெஃபான் ஃபோர்ஸ்டர் என்ற கலைஞர், நீண்ட தொகுதி ஒன்றின் மேல்மாடியை அகற்றி, இடையிடையே அறுத்து, தோட்டம் சூழ்ந்த தனித்தனிக் கட்டடங்களாக மாற்றினார். இடித்துவிட்டுப் புதிதாய்க் கட்டுவதுதான் முன்னேற்றம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குறைகளும் உண்டு

புகழ் மட்டும் பாடினால் அது பாடம் ஆகாது. ஹாம்பர்க் நகரின் எல்ப்ஃபில்ஹார்மனி இசையரங்கம் பழைய துறைமுகக் கிடங்கின் தலையில் கண்ணாடி அலைபோல் நிற்கிறது. எந்த இருக்கையும் இசை நடத்துநரிடமிருந்து 30 மீட்டருக்கு அப்பால் இல்லை. ஆனால் தொடக்கத்தில் 7.7 கோடி யூரோ என்று சொன்ன பொதுப்பணச் செலவு, 2017-ல் திறக்கும்போது 78.9 கோடியாகிவிட்டது. பெர்லினின் புதிய விமான நிலையம் 2012 ஜூனில் திறப்பதாக இருந்து, புகை வெளியேற்றும் அமைப்புச் சரியில்லாமல் சில வாரங்களுக்கு முன் நிறுத்தப்பட்டு, 2020 அக்டோபரில்தான் திறந்தது. ஆண்டுக்கு 4 லட்சம் வீடுகள் கட்டுவோம் என்று 2021-ல் சொன்ன அரசு, 2022, 2023, 2024 ஆகிய எந்த ஆண்டிலும் அதை எட்டவில்லை. விதிகள் பெருகப் பெருகக் கட்டும் செலவும் ஏறுகிறது. எளியவருக்கு வாடகை எட்டாமல் போகிறது. இருப்பவர் கணக்கைப் பார்க்கும்போது, இருக்க இடமே கிடைக்காதவர் கணக்கையும் பார்க்க வேண்டும் அல்லவா?

நமக்கு என்ன?

ஜெர்மானியர் கட்டியதை அப்படியே இங்கு கட்டினால் அது பாடத்தைத் தலைகீழாகப் படித்தது போலாகும். அவர்களுடைய கவலை வெப்பம் வெளியே போகக் கூடாது என்பது. நம்முடைய கவலை உள்ளே வரக் கூடாது என்பது. அவர்களுக்குத் தெற்குக் கண்ணாடி குளிர்காலத்தில் வெயில் தரும் வரம். நமக்கு நிழலில்லாத மேற்குக் கண்ணாடி மாலை முழுவதும் எரியும் அடுப்பு.

இதை முதலில் உணர்ந்து எழுதியவர்களில் ஒருவரும் ஜெர்மானியரே. பெர்லினில் 1908-ல் பிறந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர், யூதர் என்பதால் 1933-ல் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. 1939-ல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராகப் பெங்களூர் வந்தார். இந்திய அறிவியல் கழகத்தில் அவர் அமைத்த கட்டடங்களை நம் அன்பர்கள் பலர் அறியாமலே கடந்திருப்பார்கள். புவனேசுவரம் நகருக்குத் திட்டம் தந்தவரும் அவரே. விடுதலைக்குப் பின் மத்திய அரசின் வீட்டுவசதி இயக்குநராகவும் இருந்தார். பிறகு லண்டனில் வெப்ப நாட்டுக் கட்டடக்கலையைப் பாடமாக நடத்தினார். சக ஆசிரியர்களோடு அவர் 1970களில் வெளியிட்ட நூல், ஓர் ஊரின் வெப்பநிலை, ஈரம், மழை ஆகியவற்றை அட்டவணையில் நிரப்பி, அங்கு ஜன்னல் எவ்வளவு, சுவர் எவ்வளவு என்று முடிவு செய்யக் கற்றுத் தருகிறது. ஜெர்மானியக் கணக்கும் நம் நாட்டு வெயிலும் சந்தித்த இடம் அது.

எனவே அடுத்த முறை பிளானைக் கையில் எடுக்கும்போது கீழ்க்காணும் கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள்.

1. சமைப்பவர் நிற்கும் இடத்தில் ஜன்னல் உண்டா? எக்ஸாஸ்ட் ஃபேன் ஜன்னலுக்கு ஈடாகாது.

2. ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோருக்கு எந்த அறை? பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தாம். படுக்கையிலிருந்து வெளியே ஏதேனும் தெரியுமா? கழிப்பறைக்கு எத்தனை அடி நடக்க வேண்டும்?

3. ஒரு பக்கம் நுழையும் காற்று மறுபக்கம் வெளியேற வழி உண்டா? கதவைத் திறந்தால்தான் காற்று வரும் என்றால், கதவு மூடியிருக்கும் இரவில் என்ன செய்வது?

4. திறக்கக்கூடிய ஜன்னல் எவ்வளவு? 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதா' நெறி, வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் இது தரைப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது. பெங்களூர் போன்ற மிதமான ஊர்களுக்கு எட்டில் ஒரு பங்கு.

5. மேற்குச் சுவருக்கும் கண்ணாடிக்கும் வெளிப்புறம் நிழல் உண்டா? உள்ளே தொங்கும் திரை, வந்துவிட்ட வெப்பத்தைத் திருப்பி அனுப்பாது. முடிந்தால் வீட்டை மாலை மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள்.

6. வீட்டில் இருந்தே வேலை செய்யும் பிள்ளைக்கும், படிக்கும் பிள்ளைக்கும் மேஜை எங்கே? அங்கே பகலிலும் விளக்குப் போட வேண்டுமா?

இந்தக் கேள்விகளுக்குப் பணம் செலவாகாது. ஒரு மாலைப் பொழுதுதான் செலவாகும். நாம் ஊரை விட்டு வந்து, பல ஆண்டுச் சேமிப்பைக் கொட்டி ஒரு வீடு வாங்குகிறோம். திண்ணையும் முற்றமும் இருந்த வீட்டில் வளர்ந்த ஒரு தாய், அந்த வீட்டின் உள்ளறையில் பகலெல்லாம் ட்யூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது. பிளானைக் காட்ட வரும் அன்பர்கள் அந்தத் தாய் எங்கே உட்காருவார் என்பதை முதலில் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தால், மீதி கணக்கை நாம் சேர்ந்தே போட்டுவிடலாம்.